அது என்ன ஊசி, அம்மா?

ஆசை அம்மாவுக்கு,

தம்பி குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குகிறான். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீ அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மூக்கு அப்படியே உன்னுடையது.

போன மாதம் செலியமேடு முழுக்கக் கோழிக்கறி வாசனை. அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஸ்கைலாப் உடைந்து விழப்போகிறது, எங்கே என்று தெரியாது என்று ரேடியோவில் சொன்னார்கள். நம் ஊரார் அது நம் தலையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சாவதற்குள் தின்றுவிடுவோம் என்று அடைக்கு உட்கார்ந்த கோழியைக்கூட விடவில்லை. கடைசியில் அது எங்கோ தூரதேசத்தில் விழுந்தது.

நேற்று நர்சம்மா ஐஸ் பெட்டியோடு தம்பிக்கு முத்தடுப்பு ஊசி போட வந்தார். கக்குவான் இருமலையும் அது தடுக்கும் என்று என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை அவரை வாசலிலேயே மடக்கினாள்.

"வானம் வுழும்னு சொல்லி எங்கோழிய துன்ன வச்சீங்க. இப்ப கொயந்தைக்கு வந்துட்டீங்களா?"

"அது யாரோ, நான் யாரோம்மா!"

"எல்லாம் ஒரே படிச்ச கூட்டந்தான், போ."

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. "எம்புள்ளைக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

புத்தகத்தோடு பின்னாலேயே ஓடினேன். "மேலத்தெருவுல கக்குவான் வந்துருக்குப்பா. தம்பிக்கு ஊசி போட்டுடலாம்பா."

"உங்கம்மாவுக்குப் போட்டானே, அது இன்னா ஊசி? சொல்லு."

"தெரிலப்பா."

"அந்த டாக்டரக் கேட்டேன். சொன்னா உனக்குப் புரியவா போவுதுன்னு போய்ட்டான். மத்தியானம் போட்டான், வெளக்கு வைக்கறதுக்குள்ள அவ போய்ட்டா. நீ படிக்கறவதானே? பொஸ்தவத்துல பாத்துச் சொல்லு."

புத்தகத்தில் நீ இல்லையே, அம்மா.

அந்த ஊசியால் போனாயா, அந்த ஊசி போட்டும் போனாயா? அன்றைக்கு யாராவது அப்பாவை உட்காரவைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், நேற்று தம்பியைத் தூக்கிக் கொடுத்திருப்பாரோ? நான் சொல்வது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதபோது அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தம்பி கையில் அப்பா வசம்பு கட்டியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த காவல் அது. தம்பி தும்மினால்கூட இருவரும் ஒன்றாக எழுந்துவிடுகிறோம்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் உனக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று நான் கேட்பேன், அம்மா. பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வார்கள் என்கிறாயா? எனக்கும் அந்தப் பயம்தான். ஊசிதான் காரணம் என்றாலும் அப்பாவிடம் மறைக்க மாட்டேன். இல்லை என்றாலும் சொல்வேன். அதுவரை மேலத்தெருப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, தம்பியை மடியிலேயே வைத்திருப்பேன். இவ்வளவு படித்தும் என்னால் முடிந்த வைத்தியம் அதுதான்.

உன் மகள், அவனுக்கு அக்கா,
சுமதி