மன்னிக்கப் பழகிய பிள்ளை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மா எழுதுவது. அவர் கிருபையால் நாங்கள் ஜீவனோடிருக்கிறோம். உன் சுகத்துக்கு அன்றாடம் ஜெபிக்கிறேன்.

அப்பாவுக்கு வலது பக்கம் இன்னும் விளங்கவில்லை. சாப்பாடு ஊட்டப் போனால் இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிடுகிறார். குணம் அதேதான், கைதான் மாறியிருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவேன்.

ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். நீராவி பட்டுக் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதே. பிள்ளையோடு தங்க ஓர் இடம் பார்த்ததும் அவளை அழைத்துப்போக வருவேன், அதுவரை அவள் அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதே என்று கெஞ்சியிருந்தாய்.

கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. போன ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் முழங்காலில் விழுந்தார். "நான் பாவி. என் புள்ளைய மட்டும் குடுத்திடுங்க அத்தை" என்று ஒரே அழுகை. முன்பும் இப்படி அழுதவர்தானே என்பாய். போதகரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். "ஆண்டவர் உங்க பாவத்துக்குக் கணக்கு வெச்சா நீங்க தாங்குவீங்களாம்மா?" என்றார். அன்றைக்கே பிள்ளையின் துணிமணியை எடுத்து வைத்தேன்.

உன் ஒரு காது கேட்காமல் போனபோது அவரிடமே திருப்பி அனுப்பினேன் என்று இன்னும் மனசில் வைத்திருக்கிறாய். எனக்குப் பல் விழுந்தபோது என் அம்மாவும் அப்படித்தான் அனுப்பினாள். அனுப்பியதால்தான் நீ பிறந்தாய்.

நேற்று பிள்ளையைப் பார்க்கப் போனேன். பாலைக் கொட்டினாள் என்று அறைந்திருக்கிறார். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அடித்த கையோடு அவரும் அழுதாராம், பாவம். அவள் கட்டிலுக்கடியை விட்டு வரவில்லை. இழுத்து மடியில் வைத்து, என் அம்மா எனக்கும் நான் உனக்கும் பழக்கிய மாதிரி, "அப்பாவ மன்னிச்சிட்டேன்னு சொல்லு கண்ணு" என்று பழக்கினேன். உன்னைப் போல் அடம் இல்லை. கெட்டிக்காரி. சாயங்காலம் அவர் சட்டையை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினார். அதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சிட்டேன்பா" என்கிறாள்! நாங்கள் சிரித்துவிட்டோம்.

உன் விலாசத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரமே புறப்படுகிறார். தட்டினால் கதவைத் திற, தாயே. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மானத்தை வாங்காதே.

ஆண்டவர் உனக்கும் உன் மகளின் மனசைத் தருவாராக.

ஜெபத்தோடு,
அம்மா