பாதி சிகரெட்

அன்புள்ள அப்பா,

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கும் மூச்சுப் பரிசோதனை அறையில் நீங்கள் குழாயை வாயில் வைத்ததும், "ஊதுங்க, விடாதீங்க, இன்னும் ஊதுங்க!" என்று கத்தினேன். "வீட்ல பூனை, இங்க புலியா?" என்று சிரித்தீர்கள். சிரிப்பு முடியுமுன் இருமல் வந்துவிட்டது.

"இப்பல்லாம் ஒண்ணை ஒடிச்சுப் பாதிதாம்மா பிடிக்கிறேன்" என்றீர்கள். மீதிப் பாதியையும் டீ குடித்ததும் பற்றவைக்கிறீர்களே!

நுரையீரல் அந்தக் கணக்கில் ஏமாறாது அப்பா. போன மூச்சு திரும்பாது. அடியோடு நிறுத்தினால், மிச்சம் இருப்பது வேகமாகக் கரையாது. நிறுத்தியவர்கள் வந்து அந்தக் குழாயில் நன்றாக ஊதுவதைத் தினமும் பார்க்கிறேன், உங்களாலும் முடியும்.

இனி மாடிப்படி நடுவில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் நடிக்க வேண்டாம். சும்மாவே நில்லுங்கள். நானும் கூட நிற்கிறேன்.

உங்கள் மகள்