குழாய்க்குள் நல்லெண்ணெய்

அக். 6, புதன்

வெயில். மழைக்கான பேச்சே இல்லை. காலை முழுக்க முதலாளியின் பஸ் ஷெட்டில். பெட்ரோல் ரேஷன் வந்ததிலிருந்து அவர் பஸ் கரி வாயுவில் இருமிக்கொண்டு மேலூர் போய் வருகிறது.

நான் கண்டுபிடித்த முறை: குழாயில் இரும்புச் சீவல், கரியடுப்பில் செக்கச்சிவக்கக் காயவேண்டும். நீராவி விட்டால் இரும்பு பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு கறுக்கும், ஹைட்ரஜன் வெளியே வரும், பஸ்ஸை ஓட்ட அதுவே போதும். கறுத்ததைக் கரியோடு சுட்டால் மறுபடி இரும்பு. ஒரே சீவல், பதினொரு முறை!

சனி, மெட்ராஸ் எஞ்சினியர் வருகை. அவர் சரி என்றால் முதலாளி சோதனைச்சாலை வைத்துத் தருவார். இல்லாவிட்டால் மிஷன் பள்ளி சயன்ஸ் வாத்தியார் வேலைக்கே திரும்பவேண்டும், இடம் இருந்தால். ராஜினாமா பற்றி வீட்டில் எஸ்தர் வாய் திறப்பதில்லை. திட்டினாலாவது தேவலை.

வாங்க: கரி, ரப்பர் குழாய், எஸ்தருக்குத் தலைவலித் தைலம்.

அக். 7, வியாழன்

ஆயுத பூஜை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் நான் அங்கே எதற்கு. மெக்கானிக் பாண்டியிடம் சாவி. "சனிக்கிழமைக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்ப்பா." "நான் பாத்துக்கிறேன் சார், நீங்க போங்க."

அக். 9, சனி

போச்சு.

சுடர் மஞ்சள். புகை. ஷெட் முழுக்கத் தாளித்த வாசனை. எஞ்சினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்ணியில வர்ற வாயுவா இது? எண்ணெய ஒளிச்சுவச்சு எரிக்கிறீரு." முதலாளி என் முகத்தையே பார்க்கவில்லை. பாண்டியிடம், "அம்புட்டையும் தூக்கி வெளிய போடு."

பாண்டியைக் கேட்டேன். "கரிஞ்ச தூளாக் கெடந்துச்சு சார், கொட்டிட்டேன். லேத்துல புதுச் சீவல் அள்ளி, நல்லெண்ணெய் விட்டுப் பெசறி அடைச்சேன். எல்லா மெசினுக்கும் எண்ணெய் போட்டோம், ஒங்க கொழாய மட்டும் எப்படி சார் விடுறது?"

அறையலாம் போலிருந்தது. பளிச்சென்று இருக்கணும் என்றவன் நான். திறந்து பார்க்காதவனும் நான். முட்டாள்.

அக். 11, திங்கள்

தபால். போன வாரமே கேட்டுவைத்ததற்குப் பள்ளித் தலைமையாசிரியர் பதில்: இடம் நிரம்பிவிட்டது, கர்த்தர் வேறு வழி காட்டுவார். காட்டுவார், காட்டுவார்.

பாண்டி இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த குழாயை எடுத்துவர ஷெட்டுக்குப் போனேன். கழற்றுமுன் ஒரு தடவை மூட்டிப் பார்த்தேன். எண்ணெய் சனிக்கிழமையே எரிந்து தீர்ந்திருந்தது, சீவல் மிச்சம். ஆவி விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, முனையில் தீக்குச்சி.

பாண்டி குனிந்து பார்த்தான். "ஒண்ணும் எரியலையே சார்."

நடுப்பகலில் சுத்த ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்.

வேறு காகிதம் கையில் இல்லை. தலைமையாசிரியர் கடிதத்தை நீட்டினேன். வெறும் காற்றில் பற்றிக்கொண்டது.