இன்வெர்ட்டர் தாங்காத பிராசசர்

அன்புள்ள நவ்ரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம்தான், எரிச்சலைத் தவிர.

வெள்ளிக்கிழமைதோறும் உன்னோடு ஆன்லைனில் கார் ரேஸ் கேம் ஆட, உன் தம்பி காலித் பேச்சைக் கேட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினேனே, போன வெள்ளிக்கிழமை கரண்ட் போனதும் அது வீட்டு ஓனரின் இன்வெர்ட்டரையே படுக்க வைத்துவிட்டது. ஓனர் ஐரீன் அக்கா மாடிக்கே வந்துவிட்டார். "இன்னாப்பா, வள்ளூர் பவர் பிளாண்ட்ல கரண்ட்டு தயார் பண்ணிகினு, எங்க வூட்ட இருட்டாக்கிட்டியே!" எனக்கே சிரிப்பு வந்தது. ரேஸில் பாதியில் நான் காணாமல் போனது அதனால்தான். பயப்படாதே.

கடையில் இரண்டு பிராசசர் காட்டினார்கள். ஒன்றில் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது. கேம் கொஞ்சம் மெதுவாக ஓடும், கரண்டும் குறைவு. மற்றதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். வேகம் அதிகம், ஆனால் கேம் ஓடும்போது மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். "வேகம்தான் மச்சான் முக்கியம்" என்றான் காலித். அதையே வாங்கினேன். இருட்டில் உட்கார்ந்து வேகத்தை நான் என்ன செய்ய? கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டாராம். இதில், அவன் வைத்திருப்பதே அந்த முதல் பிராசசர்தான்! மாற்றிக்கொள்வானா, கேட்டுச் சொல். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொடுத்தனுப்பு.

கடிதம் கொண்டுவரும் லியாகத் அலி பாய் கீழே கூப்பிடுகிறார். வரும் வெள்ளிக்கிழமை கேமில் படத்தின் தரத்தை அடியோடு குறைத்துவிடுகிறேன், இன்வெர்ட்டர் தாங்கும். ரேஸ் வேண்டாம். உன் காரை என் கார் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்து, போதும்.

உன்,
மஸ்தான்