பகவதி அவித்த ஓலைக் கொழுக்கட்டை

1994, திருக்கார்த்திகை, இரவு.

என் வீட்டு அடுக்களையிலேயே என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டாள், நாத்தனார் பகவதி.

"மைனி, விளக்கு நாளாக்கும். தாலி இல்லாத கை மாவுல படண்டாம். பிள்ளையளுக்கு ஓலை மடக்கச் சொல்லிக்குடுங்க, போதும்."

மருமகள் தலை நிமிராமல் தேங்காய் திருவினாள். நான் பேரப்பிள்ளைகளுக்குப் பனங்குருத்தோலையை மடக்கிக் கட்டக் காட்டினேன். பிறகு, சின்ன வயதில் படித்த கான்வென்டில் பழக்கியபடி கைகட்டி உட்கார்ந்தேன்.

பகவதி மாவில் தண்ணீர் ஊற்றினாள். கருப்பட்டி இளகினாலே மாவு நெகிழும், தண்ணீரே வேண்டாம். நான் சொல்லவில்லை. மறுபடியும் ஊற்றினாள். அப்போதும் சொல்லவில்லை.

அவித்தபோது எல்லாம் ஓலையை விட்டு வழிந்து கூழாகிவிட்டது. சின்னப் பேத்தி எட்டிப் பார்த்து, "இத கரண்டியில கோரியா திங்கணும்?" என்றாள்.

"பாத்துட்டுத்தானே இருந்தீங்க மைனி, ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நல்ல நாளாக்கும், பகவதி. என் வாயும் படண்டாம்னு இருந்தேன்."

பிள்ளைகள் கொழுக்கட்டை தின்னாமல் உறங்கிவிட்டார்கள். அது ஒன்றுதான் உறுத்துகிறது.

பகவதி ஞாயிறு வரை இங்கேதான். நாளை முற்றத்தில் அடுப்புக் கூட்டி, பிள்ளைகளை வைத்து நானே அவிப்பேன். முதல் கொழுக்கட்டையை எல்லார் முன்பும் அவளிடம் நீட்டுவேன். வேண்டாம் என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.