ஏஜெண்ட் வேண்டாம் என்றார்கள்

வரதோலி, நவம்பர் 2000, வியாழன்.

என் முதல் நாவலை அனுப்ப ஏஜெண்ட் வேண்டுமா என்று காலையில் கடல் தாண்டி ஆக்லாந்து பதிப்பகத்துக்குப் போன் செய்து கேட்டேன். தேவையில்லையாம், இங்கிருந்தே தபாலில் அனுப்பலாமாம்.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஏஜெண்ட் இல்லாம புக்கு வராதாம்மா?"

"வராதுப்பா. நான் ஆக்லாந்து போய்த்தான் ஆள் புடிக்கணும்."

மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் எங்கள் இந்தியப் பிரதமரைச் சிறைபிடித்து ஆட்சியைப் பறித்த நாளிலிருந்து இந்தத் தீவில் எனக்குத் தூக்கமில்லை. பயமாக இருக்கிறது, போய்விடுகிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் யங்கோனா வேர்ச்சாறு குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம இந்தியக்காரங்க எல்லாரும் பயந்து நாட்டை விட்டு ஓடறாங்க. என் பொண்ணு அப்படியில்ல. புக்கு போடத்தான் போறா. போட்டதும் வந்துடுவா."

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாவல் மேசைமேல் இருக்கிறது. நாளைக்கே தபாலில் போடலாம். போடமாட்டேன்.