முப்பத்திரண்டு அங்குலம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் விழுந்தது. சக்கரத்தில் பதினாலு அங்குலம் வரை சமர்த்தாக எழுந்து வந்த மண், திடீரென்று இடுப்பு ஒடிந்து ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. பட்டறை வாசலில் பிரம்பு நாற்காலியில், போர்வைக்குள் இருந்தபடியே அவள் சொன்னாள்: "டைலரே, ஜாடிச் சுவரைத் தொடச் சொன்னா நீங்க கழுத்தை நெரிக்கிறீங்க."

கடையை மூடி மூன்று வருஷமாகியும் என் பெண்டாட்டிக்கு நான் டைலர்தான். இந்த நோட்டும் கடையில் மிச்சமானது. முன்பாதி முழுக்க ஊராரின் மார்பு, இடுப்பு, கை நீளம். பின்பாதியில் இப்போது என் புலம்பல்.

ஜூன் 5, வியாழன்

எதற்காக இந்தக் கூத்து என்று எழுதிவைக்கிறேன். நாளைக்கு எனக்கே மறந்துபோகலாம்.

தெருமுனையில் கட்டுகிற படிப்பகத்தின் வாசலுக்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய ஜாடி செய்து தருவதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஒன்றைப் போன வருஷமே முடித்துவிட்டாள். நீலப் பூச்சோடு பட்டறைச் சுவரோரம் நிற்கிறது, என் இடுப்பு உயரத்துக்கு. இரண்டாவதற்கு மண்ணைப் பிசைய உட்கார்ந்த அன்றுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மாதம், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார். அதில் நான்கு போய்விட்டது.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடச் சொல்லுங்க" என்றாள். நான் ரோஷமாக, "ஏன், நான் செய்ய மாட்டேனா?" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். கிண்ணம், கோப்பை, தொட்டி என்று வந்து இப்போது ஜாடியில் நிற்கிறேன்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அவள் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஜூன் 11, புதன்

கால் மட்டும் பாஸாம். நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதித்த கால், சக்கரத்தின் மிதியையும் சொன்னபடி ஆட்டுகிறது. "கைக்கும் காலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

பெரிய ஜாடியை ஒரே துண்டாக இழுக்க முடியாதாம். தோள்வரை கையை உள்ளே விட்டாலும் அடி எட்டாது. அவளும் இரண்டு துண்டாகத்தான் செய்வாளாம். அடிப்பாதி தனி. மேல்பாதி தலைகீழாகத் தனி. கொஞ்சம் இறுகினதும் மேல்பாதியைக் கவிழ்த்து அடிப்பாதியின் விளிம்பில் உட்காரவைத்து, மண்குழம்பு தடவி, சுற்றவிட்டுச் சேர்க்க வேண்டும்.

கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இதைத்தானே நான் ஆயுசு முழுக்கச் செய்தேன்! சட்டை மட்டும் ஒரே துண்டிலா வருகிறது? இரண்டு விளிம்பும் ஒரே அளவாக இருந்தால் போதும். அளவு என் வேலை.

உடனே கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அவள் ஜாடியை அளந்தேன். உயரம், கழுத்து, தோள், வயிறு, அடி. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வாங்கிற்றோ என்னவோ, நிறுத்திவிட்டாள்.

"உயரம் எத்தனை வந்துச்சு?"

"முப்பத்திரண்டு அங்குலம்."

"சரி, எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். முப்பத்திரண்டு.

ஜூலை 2, புதன்

கத்திவிட்டேன். சூப்பை இரண்டு கரண்டியோடு தள்ளிவைத்தாள். "நீ சாப்பிடாம அடம் பிடிப்பே, நான் மட்டும் இந்தச் சேத்துல புரளணுமா?" என்று கேட்டுவிட்டேன். நாக்கில் சனி.

சாயங்காலம் பட்டறையில் என் முழங்கையைப் பிடித்து, உடம்போடு ஒட்டி வைத்தாள். "முழங்கை ஆடுது. அதான் மண்ணும் ஆடுது" என்றாள். விரல் எவ்வளவு லேசாகிவிட்டது. வெறும் நூல்.

ஜூலை 14, திங்கள்

அடிப்பாதி நின்றது! பதினெட்டு அங்குலம். விளிம்பு பதினொன்று, சுற்றிலும் ஒரே கனம். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்மா எப்படி இருக்காங்கப்பா?" என்று கேட்டாள். ஜாடியைப் பற்றியே மறுபடி சொன்னேன். "லீவு போட்டுட்டு வரேன்" என்றாள்.

ஜூலை 15

மேல்பாதி விழுந்தது.

ஜூலை 16

விழுந்தது.

ஜூலை 27, ஞாயிறு

இன்று சேர்த்தேன். கவிழ்க்கும்போது உயிர் போய் வந்தது. ஒரு பக்கம் மகள் பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் சூளைக்காரி. (ஆற்றங்கரையில் சொந்தச் சூளை வைத்திருக்கிறாள். இவளுக்கு இருபது வருஷச் சிநேகிதி, என்னை அண்ணன் என்பாள்.) விளிம்போடு விளிம்பு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. ஒட்டி, சுற்றவிட்டு, இழுத்து, டேப் வைத்தேன். முப்பத்திரண்டு.

நீல ஜாடியை நகர்த்திக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தோம். அது நீலம், இது ஈர மண். ஆனால் உயரம் ஒன்று, தோள் ஒன்று, வயிறு ஒன்று. அவளை நாற்காலியோடு தூக்கிக் கிட்டே கொண்டுபோனேன். தையல் போட்ட இடத்தை விரலால் தடவித் தேடினாள். "எங்கே சேர்த்தீங்கன்னே தெரியலையே, டைலரே" என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என் வேலையை அவள் புகழ்ந்து கேட்டதில்லை. அழுதுவிட்டேன். மகள் முன்னால்.

சூளைக்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, இது..." என்று ஆரம்பித்தாள். இவள் குறுக்கே விழுந்து, "முதல்ல எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று அவளை உள்ளே அனுப்பினாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெரிய ஜாடி அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். பிளாஸ்டிக் தாள் போர்த்தி, தினமும் ஒரு சாண் விலக்க வேண்டும். அவள் படுக்கையை விட்டு எழுவதில்லை. காலையில் கண் திறந்ததும், "தாளை விலக்கினீங்களா?" என்கிறாள். பேச்சு என்று பார்த்தால் இந்த ஒன்றுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று அதையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

காலை ஐந்தே முக்காலுக்கு.

செப்டம்பர் 1, திங்கள்

மகள் நேற்று ஊருக்குப் போனாள். கூட வரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். பட்டறைக்குள் இன்னும் போகவில்லை. வாசலில் நாற்காலி அப்படியே கிடக்கிறது. போர்வையை மடிக்கணும். யார் மடிப்பது?

செப்டம்பர் 8, திங்கள்

சூளைக்காரி வண்டியோடு வந்து ஜாடியை எடுத்துப் போனாள். இரண்டு முறை சுட வேண்டும், நடுவில் நீலம் பூச வேண்டும். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

விரிசல் இல்லை. நீலமும் நன்றாகப் பிடித்திருக்கிறது. வண்டியிலிருந்து இறக்கி அவளுடையதன் பக்கத்தில் வைத்தோம்.

குட்டை.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். டேப் வைத்தேன். இருபத்தெட்டு. தோளும் சிறுத்து, வயிறும் சிறுத்து, பெரியவள் பக்கத்தில் தங்கச்சி மாதிரி நிற்கிறது.

மண் காயும்போது சுருங்கும். வேகும்போது இன்னும் சுருங்கும். எட்டில் ஒரு பங்கு போய்விடுமாம். வெந்த ஜாடியை அளந்துவிட்டு, பச்சை மண்ணை அதே அளவுக்குச் செய்திருக்கிறேன், முட்டாள். கிண்ணத்தையும் கோப்பையையும் எவன் அளந்து பார்த்தான்? அதுவும் நான்! புதுத் துணியைத் தண்ணீரில் முக்கிக் காயவைக்காமல் ஒருநாளும் கத்திரி வைத்ததில்லையே. சுருக்கத்தைப் பற்றி எனக்கா தெரியாது?

"அக்காவுக்குத் தெரியும், அண்ணே" என்றாள் சூளைக்காரி.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க டேப் வெச்ச அன்னைக்கே தெரியும். எனக்குச் சேர்த்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சொல்லக் கூடாதுன்னு தண்ணி குடுக்கும்போது கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. 'இது சரியா வந்துட்டா, நான் போனப்புறம் அந்த மனுஷன் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாரு. குட்டையா வந்தா, வீம்புக்காவது இன்னொண்ணு செய்வாரு. செய்யட்டும்' அப்படின்னாங்க."

செப்டம்பர் 27

போடி.

சாகப்போறவ பேச்சா இது? நான் ராத்திரி பகலா அதுல கிடந்தேன். உன் கண்ணு முன்னாடி முடிக்கணும்னு கிடந்தேன். நீ நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு என்னை ஏமாத்தியிருக்கே. எழுதிக்கோங்கன்னு வேற சொன்னியே!

செய்ய மாட்டேன். படிப்பகத்துக்காரங்க ஒத்தை ஜாடியை வெச்சுக்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

பத்து நாளாகச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னபடியே.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சரியாக அளந்து செய்திருந்தால் அன்றைக்கு என்னுடையது நாலரை அங்குலம் ஓங்கி நின்றிருக்கும். இரண்டும் ஒரே உயரமாக நிற்பதை அவள் பார்த்திருக்கவே முடியாது. சூளைக்குப் போய் வரும்வரை அவளுக்கு நாளும் இல்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்டது நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கோபம் போகவில்லை. கோபம் இருந்தால் தேவலை, அது இல்லாத நேரத்தில்தான் வீடு தாங்கவில்லை.

போர்வையை மடித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

பட்டறையைக் கூட்டினேன். மண் பிசைந்தேன். புது அளவு: முப்பத்தாறரை.

நவம்பர் 28, வெள்ளி

சூளை திறந்தது. முப்பத்திரண்டுக்கு ஒரு நூல் கம்மி. "மனுஷன் செஞ்சதுதானே அண்ணே" என்றாள் சூளைக்காரி. நடுவில் மூன்று விழுந்ததை இங்கே எழுதவில்லை. விழும்போதெல்லாம் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். கிண்டல் செய்ய ஆளில்லாமல் மண் விழுவது ரொம்பக் கொடுமை.

டிசம்பர் 7, ஞாயிறு

படிப்பகம் திறந்தார்கள். வாசலுக்கு இந்தப் பக்கம் அவளுடையது, அந்தப் பக்கம் என்னுடையது. மகள் வந்திருந்தாள். எது அம்மாவுடையது என்று கேட்டாள். சொன்னேன். இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெரியலைப்பா" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பினால் சுவரோரம் வெறிச்சென்று இருந்தது. அந்தக் குட்டை மட்டும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. ஜாடி இறக்கிய வண்டியை எடுக்க வந்த சூளைக்காரி எட்டிப் பார்த்து, "இது மட்டும் ஒத்தையா நிக்குதே, அண்ணே" என்றாள்.

அவள் போனதும் டேப்பை எடுத்தேன். இருபத்தெட்டு. இதற்கொரு ஜோடிக்கு, சுருக்கத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு வந்தது.

புதிதாக எழுத வேண்டியதில்லை. கழுத்து, தோள், வயிறு, அடி, எல்லா அளவும் ஜூன் இருபதாம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. அவள் சொல்லி நான் எழுதிக்கொண்டது.

நாளைக்கு மண் பிசையணும்.